கருப்பண்ணன் சொன்ன காடு

எனக்குக் கோவம் மூக்கு மேலதான் இருக்கும். முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் மெர்சி ரொம்ப நல்ல பொண்ணுன்னு யாரும் ஏமாந்துடக் கூடாது. குளச்சல்ல கடலைப் பாத்து வளந்தவளை சர்க்கார் வேலைன்னு இந்தக் கொல்லிமலையில கொண்டுவந்து போட்டாங்க. நாலு வருஷத்துல பஸ்ல வாந்தி எடுக்கறது மட்டும் நின்னுச்சு. மத்ததெல்லாம் அப்படியேதான்.

திண்ணனூர் நாட்டுப் பக்கம் ரெண்டு ஏரி இருக்கு, நடுவுல வெயிலே விழாத அளவுக்கு மரம். அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியா அறிவிக்கப் போறதா உத்தரவு வந்துச்சு. உள்ள இடம் வச்சிருக்கறவங்களைக் கூப்பிட்டு, அது காடா, விவசாய நிலமான்னு கேட்டு வாக்குமூலம் வாங்கணும். விவசாய நிலம்னா எல்லைக்கு வெளிய விட்டுடுவாங்க. காடுன்னா உள்ள போயிடும், அப்புறம் யாரும் கால் வைக்கக் கூடாது. பதினோரு பேருக்கு என் பக்கத்து மேசை கிருஷ்ணகுமாரி எழுதினா, அவ ராசிபுரத்துக்காரி. பன்னெண்டாவது ஆள் கருப்பண்ணன் வந்த அன்னிக்கு அவ லீவு. அதனால நான் எழுதினேன்.

அவருக்கு அம்பது வயசிருக்கும். உக்காருங்கன்னா உக்காரலை. ரெண்டு ஏக்கர், அதுலதான் எங்க ஊட்டுச் சோறேன்னாரு. தேனும் கிழங்கும் எடுத்துப் பொழைக்கறாரு போலன்னு நானா நெனச்சுக்கிட்டேன். படிவத்துல இருந்த கேள்வியைக் கேட்டேன். காடுங்கன்னாரு. எனக்கே பாவமாப் போச்சு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, விவசாய நிலம் இல்லையான்னு இன்னொரு தடவை கேட்டேன்.

"வயலெல்லாம் நமக்கேதுங்க. காடுதானுங்க. எங்கப்பன் காலத்துலயும் காடுதான்."

இவ்வளவு உறுதியாச் சொன்னா நான் என்ன செய்ய? நேர்மையான மனுசன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். மேற்படி இடம் தன் தந்தை காலம் முதலே காடு என ஒப்புக்கொள்கிறார்னு எழுதி, வழக்கம்போல வாசிச்சுக் காட்டினேன். அவரு தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுட்டு, கும்பிட்டுப் போனாரு.

எட்டு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தாரு. தன் காட்டுல கல்லு நட்டுக் கம்பி கட்டறாங்கன்னாரு. நான் ஃபைலை விரிச்சு வச்சுக் கத்தினேன். நீங்கதானே காடுன்னு சொன்னீங்க, இப்ப வந்து நின்னா எப்படி? ஆமாங்க, காடுதானுங்க, அதுல எதுக்குக் கல்லு நடறாங்கன்னு அவரு. காடுன்னா நடத்தான் செய்வாங்கன்னு நான். சுத்திச் சுத்தி அதே பேச்சு, ஆபீஸே வேடிக்கை பாத்துச்சு. மத்தியானச் சாப்பாட்டுல இருந்த கிருஷ்ணகுமாரி எந்திரிச்சு வந்து ஃபைலைக் குனிஞ்சு படிச்சா.

"மெர்சி, எங்க பக்கம் காடுன்னா சாமை வெதைக்கற நெலமுங்க. மழையை நம்பி வெள்ளாமை பண்றது. நீங்க விவசாய நிலம்னு கேட்டதைத் தண்ணி பாயற வயல்னு நெனச்சிருப்பாரு. மரமா அடைஞ்சு நிக்கறதைச் சோலைம்போம்."

என் முகத்துல ஈயாடலை. எங்க ஊர்ல நிலம்னா விளை, தோப்பு. காடுன்னா கரடி, பன்னி. இங்க எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் காட்டுக்குப் போயிருக்காங்கன்னுதான் பதில் வரும். நாலு வருஷமாக் கேட்டும், எந்தக் காடுன்னு ஒரு நாள் நான் கேட்டதில்லை. மடச்சி, வடிகட்டின மடச்சி. அவரு என்னைத் திட்டக்கூட இல்லை. அப்ப மரத்துப்போன மனசுதான், இன்னும் உணர்ச்சி திரும்பலை.

மேல்முறையீட்டுக்குக் குடுத்த அறுபது நாள் எப்பவோ முடிஞ்சிருந்துச்சு. எங்க அதிகாரி யுவராஜ் சார் கெட்டவரில்லை. வாசிச்சுக் காட்டி வாங்கின கையெழுத்தை ஒண்ணும் பண்ண முடியாது, எழுதினவங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தா மறுவிசாரணை கேக்கலாம்னாரு. உங்க நாகர்கோவில் மாறுதல் வர்ற நேரம், யோசிச்சுக்கங்கம்மான்னும் சொன்னாரு. அன்னிக்கே எழுதிக் குடுத்தேன். மாறுதல் நின்னுச்சு. ஒனக்கு இது தேவையா மக்ளேன்னு எங்கம்மா போன்ல அழுதா. எனக்கு அழுகை வரலை. சோறு தின்னேன், தூங்கினேன், ஆபீஸ் போனேன்.

காகிதம் மேல போய்க் கீழ வர ரெண்டு வருஷம் ஆச்சு. கருப்பண்ணன் மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. நான் இன்னும் வரலைன்னு கையை விரிப்பேன். வாரேனுங்கன்னுட்டுப் போயிடுவாரு. காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறாருன்னு கிருஷ்ணகுமாரி சொன்னா. கேட்டுட்டு அடுத்த ஃபைலை எடுத்தேன்.

கடைசியா உத்தரவு வந்துச்சு. இடத்தை நேர்ல பாக்கணும், பாக்கற அன்னிக்கு அது எப்படி இருக்கோ அப்படியே எழுதி, நிலத்துக்காரர் வாக்குமூலத்தோட அனுப்பணும். முந்தின நாளே கருப்பண்ணனுக்குப் போன் போட்டேன். கேட்டா விவசாய நிலம்னு சொல்லுங்க, காடுங்கற வார்த்தையே வாயில வரக் கூடாதுன்னு மூணு தடவை சொல்லிக் குடுத்தேன். சரிங்க அம்மணின்னாரு. அன்னிக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் கொஞ்சம் சந்தோஷமா இருந்தேன்.

யுவராஜ் சாரும் நானும் ஜீப்புல போனோம். கருப்பண்ணன் கம்பிக்கு வெளியவே நின்னுக்கிட்டிருந்தாரு. சார் கூப்பிட்டப்புறம்தான் உள்ள வந்தாரு.

உண்ணிச்செடி இடுப்புக்கு மேல வளந்து கிடந்துச்சு. அதுக்குள்ள ஆளுசரத்துக்கு மரக்கன்னுங்க. பன்னி கிளறின மண்ணு. ஏர் ஓட்டின தடம் எங்கயும் இல்லை. கால் வைக்கக் கூடாதுன்னு போர்டு வச்சோம், அந்த மனுசன் ரெண்டு வருஷமாக் கால் வைக்கலை. திருட்டுத்தனமா நாலு சால் ஓட்டி வச்சிருக்கக் கூடாதா? விதைக்காத நிலம் இப்படி ஆகும்னு கடக்கரையில பொறந்த எனக்குத் தோணவே இல்லை.

இது என்ன இடம்னு சார் கேட்டாரு. கருப்பண்ணன் என் முகத்தைப் பாத்தாரு. சொல்லுங்கன்னு உதட்டை அசைச்சேன். அவரு திரும்பி இடத்தை ஒரு சுத்துப் பாத்தாரு.

"பொய் சொல்ல வரலீங்க. முன்ன எங் காடுங்க. இப்ப உங்க காடுங்க."

எழுதிக்கங்கம்மான்னு சார் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஜீப் முன்னால பேப்பரை வச்சு எழுதினேன். வாசிச்சுக் காட்டினேன். அவரு தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாரு. இந்தத் தடவை நான் எதையும் தப்பா எழுதலை.