சாம்பல் போட்டுத் தேய்த்த துப்பாக்கி

ஓப்ரேன் தன் நண்பன் மிலோன்யாவுக்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபது யூரோ கடன்பட்ட வாரத்தில், ஓப்ரேன் வீட்டுச் சாமான்களெல்லாம் கிழடு தட்டிப்போயின. போன வருஷம் வாங்கிய குளிர்பெட்டியின் கதவு துருப்பிடித்துக் கையோடு வந்தது. ஜன்னல் திரை தொட்ட இடத்தில் தூளாயிற்று. முந்தின நாள் வைத்த பாலாடைக்கட்டி சம்மட்டிக்கும் மசியாத கல்லாயிற்று. நாயின் முகம் நரைத்தது. கடனுக்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: ஓப்ரேன் ஒரு கைத்துப்பாக்கியை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டான்.

இருவரும் நிக்ஷிச் ஊருக்கு மேலே மலையில் உள்ள கல்குவாரியில் முப்பது வருஷம் சேர்ந்து பாறை உடைத்தவர்கள். ஓப்ரேனிடம் பாட்டன் காலத்து ஆறு குண்டு ரிவால்வர் ஒன்று இருந்தது. எலும்புப் பிடி, ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். மிலோன்யாவிடம் இருந்தது அதைவிடப் பழையது; சக்கிமுக்கிக் கல் தட்டி வெடிக்கிற நீளத் துப்பாக்கி, பிடியெல்லாம் வெள்ளி வேலை. இவனுக்கு அதன்மேல் கண், அவனுக்கு இதன்மேல் கண். ஒரு மத்தியானம் ப்ளம் சாராயத்தின் முன்னால் மாற்றிக்கொள்வதாகக் கையடித்தார்கள். அந்த மலையில் கையடித்தால் அடித்ததுதான். பின்வாங்குகிறவன் வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

ஆனால் மாற்று சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். மிலோன்யா வீட்டார் தலைமுறை தலைமுறையாக ஓப்ரேன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனாக நிற்பவர்கள். அந்த உறவுக்கு ‘கூம்’ என்று பெயர். ஒருவரையொருவர் ‘கூமே’ என்றுதான் கூப்பிடுவார்கள். இரு வீட்டுக்கும் நடுவே காசு பாக்கி இருந்தால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. பேதுரு திருநாளன்று ஓப்ரேனின் பேத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தது. அதனால், கோயிலுக்குப் போகும் வழியில் துப்பாக்கிகளை மாற்றிக்கொள்வது, அதற்கு முன்னால் தலைநகர் போட்கோரிட்சாவிலிருந்து ஆளை வரவழைத்து இரண்டுக்கும் விலை மதிப்பது என்று முடிவாயிற்று.

மதிப்பவர் வருவதற்கு முந்தின நாள் ஓப்ரேன் ரிவால்வரைப் பார்த்தான். கரிச்சட்டிபோல் இருந்தது. அழுக்குத் துப்பாக்கியைக் கூமுக்குக் கொடுப்பது எச்சில் தட்டில் சோறு வைப்பதற்குச் சமம் என்று அவனுக்குப் பட்டது. சமையலறையில் உட்கார்ந்து அடுப்புச் சாம்பலும் காடியும் போட்டு, பாறை உடைத்த கையால், பொழுது சாயும்வரை தேய்த்தான். கறுப்பு செதில் செதிலாக வந்தது. அதோடு நூற்று முப்பது வருஷமும் வந்துவிட்டது. வந்த வருஷங்கள் எங்காவது போயாக வேண்டும் அல்லவா? கதவு சாத்தியிருந்ததால் வீட்டுக்குள்ளேயே, பக்கத்தில் கிடைத்ததன்மேல் உட்கார்ந்தன; சாமான்கள் அத்தனை இருந்ததால் ஓப்ரேன்வரை மிச்சம் வரவில்லை.

மதிப்பவர் பெயர் நோவிட்சா. முதலில் வெள்ளித் துப்பாக்கியை எடுத்தார். முத்திரையைத் தேடினார், குழலுக்குள் விளக்கடித்தார், திருகாணிகளை எண்ணெய் விரலால் தடவினார், ஆயிரத்து எண்ணூற்று அறுபது என்றார். பிறகு ரிவால்வரை எடுத்து முகர்ந்தார்.

“யாரு தேச்சது?”

“நான்தான். ஒரு பொட்டு அழுக்கு இருக்காது, பாருங்க.”

“பெரியவரே, பழசுக்கு விலையே அந்தக் கறுப்புலதான். வேற யாராவது தேச்சிருந்தா பாதி விலை போயிருக்கும். நீங்க தேச்ச தேய்ப்புல…” அவர் துப்பாக்கியின் சுத்தியலை இழுத்து விட்டுப் பார்த்தார். சுருள்வில் கன்றுக்குட்டிபோல் துள்ளியது. “இது போன வாரம் செஞ்ச துப்பாக்கி.”

மிலோன்யா சிரித்தான். “போன வாரமா? இத வச்சுத்தான் இவன் பாட்டன் தன் கல்யாணத்துல கூரையச் சுட்டான். பொண்ணு முதல் ராத்திரி பூரா ஒழுகுற எடத்துல சட்டி வச்சுக்கிட்டிருந்தா.”

“இருக்கலாம். ஆனாலும் இது போன வாரம் செஞ்சதுதான்.”

சட்டம் இப்படி இருந்தது: பழைய துப்பாக்கியைச் சுவரில் மாட்டினால் யாரும் கேட்பதில்லை. புதிதென்றால் உரிமம் வேண்டும், தயாரித்தவனின் காகிதம் வேண்டும். தயாரித்த தொழிற்சாலையோ எப்போதோ மூடியாயிற்று. விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஆகவே விலை பூஜ்யம்; வித்தியாசம் முழுவதும் ஓப்ரேன் தலையில். இதைச் சொல்லிவிட்டு, தனக்கே குழம்பிப்போய், நோவிட்சா நாற்காலியில் சாய்ந்தார். போன மாதம் வாங்கிய நாற்காலி உளுத்த மாவாய் உதிர்ந்தது. அவர் எழுந்து பின்புறத்தைத் தட்டிக்கொண்டார், மதிப்பை மாற்றவில்லை.

“விட்றா கூமே,” என்றான் மிலோன்யா.

“விட்றதுக்கு நான் என்ன உன் பண்ணையாளா? கடன்னா கடன்தான்.”

ஸ்தானா, ஓப்ரேனின் பெண்டாட்டி, கையில் வந்த குளிர்பெட்டிக் கதவோடு வாசலில் நின்றாள். “கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு தட்டு கழுவுனதில்ல இந்த மனுசன். கழுவ வந்த மொத நாளே வீட்டக் கவுத்தாச்சு.”

வருஷங்கள் சாராய ஜாடிக்குள்ளும் இறங்கியிருந்தன. அது அரசர்கள் குடிக்கும் சாராயமாக மாறியிருந்தது. விற்றிருந்தால் பாதிக் கடன் அடைந்திருக்கும். ஆனால் விலை சொல்வதற்கு முன்பே மூவரும் அதைக் குடித்துத் தீர்த்திருந்தார்கள். மிச்சம் இருந்தது பசு. ஓப்ரேன் அதைச் சந்தைக்கு ஓட்டிப் போனான். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொழுவம். வாங்க வந்தவன் வயசு பார்க்கக் கொம்பின் வளையங்களை எண்ணத் தொடங்கினான், பாதியில் களைத்துப்போய்த் தொப்பியைக் கழற்றினான். “மாமா, இது துருக்கியன் காலத்து மாடு. இதுக்கு விலை பேசக்கூடாது, விழுந்து கும்பிடணும்.” ஓப்ரேன் பசுவைத் திரும்ப நடத்தி வந்தான். யாரிடம் கோபப்படுவது என்று அவனுக்கு விளங்கவில்லை. தான் செய்தது தப்பா, மரியாதையா என்றும் விளங்கவில்லை. மருமகளிடம் ஞானஸ்நானம் இல்லை என்று சொல்ல வேண்டும்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் மிலோன்யா வெள்ளித் துப்பாக்கியோடு வந்தான். ஸ்தானாவிடம் சாம்பலும் காடியும் கேட்டான். ஏன் என்று கேட்காமல் அவள் கொடுத்தாள். அவன் வீட்டுக்குள் வரவில்லை. ப்ளம் மரத்தடியில் உட்காரப் போனவன், மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்தான். மேய்ந்துகொண்டிருந்த கோழிகளை விரட்டினான். நாயைக் கல்லெறிந்து துரத்தினான். ஒன்றுமில்லாத வெட்டவெளியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினான்.

ஓப்ரேன் ஓடினான். “டேய், நிறுத்துடா. இரநூறு வருசம்டா அது.”

“கிட்ட வராத, கூமே. உன்மேல ஒட்டிக்கும். அங்கயே நில்லு.”

“எனக்காகவாடா?”

“உனக்கு என்ன கேடு? நாளைக்கு அந்தப் புள்ளைக்குத் தண்ணி ஊத்தணும்.”

மத்தியானத்துக்குள் வெள்ளி புது நாணயம்போல் ஆயிற்று. மிலோன்யாவின் மீசை மார்புக்கு இறங்கி வெளுத்தது. முதுகு வில்லாயிற்று. காதுகள் நீண்டன. அவன் எழுந்திருக்க முயன்றபோது இடுப்பு மறுத்தது. ஓப்ரேன் அப்போதுதான் கிட்டே போய் அவனைத் தூக்கினான். மிலோன்யா முட்டைக்கூடையின் கனம்தான் இருந்தான். போனில் விஷயத்தைக் கேட்ட நோவிட்சா, அப்படியானால் இதற்கும் பூஜ்யம்தான் என்றார்.

மறுநாள் வழியில் துப்பாக்கிகள் கை மாறின. கோயிலில் மிலோன்யாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு நிறுத்தினார்கள். பாதிரியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்த மலையில் ஞானத்தகப்பனுக்கு வயது வரம்பு ஏதும் எழுதி வைக்கப்படவில்லை என்பதால் மேற்கொண்டு போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவே பாக்கி ஏதும் உண்டா என்று வழக்கப்படி கேட்டார்.

மிலோன்யா ஓப்ரேன் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கினான். “தம்பி, நீ யார் வீட்டுப் புள்ள?”

ஓப்ரேன் தன் பேரைச் சொன்னான். தகப்பன் பேரைச் சொன்னான். பாட்டன் பேரைச் சொன்னபோது அந்த முகத்தில் ஏதோ தெளிந்தது.

“அவன் வீடா? அவங்களுக்கும் எங்களுக்கும் என்னிக்கும் பாக்கி கிடையாதே,” என்று சொல்லிக் குழந்தைக்காகக் கையை நீட்டினான்.

ஓப்ரேனும் பாக்கி இல்லை என்றான். பாதிரியார் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் சில்லென்று பட்டதில் குழந்தை வீறிட்டு அழுதது.