நிற்கிற காருக்கு எதற்குக் கரண்ட்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பையும் சாவியுமாக இறங்கி வந்த பிசியோதெரபிஸ்ட், கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய காரில் செருகியிருக்க வேண்டிய சார்ஜர் ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது. தூணிலிருந்த பிளக்கில் வேறு எவனுடைய ஒயரோ. அது வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே ஓடி, ஒரு மைக் செட்டில் போய் முடிந்தது. மைக்கைப் பிடித்தபடி முழங்கிக்கொண்டிருந்தவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவர் முழங்கிய விஷயம், அந்த பிளக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பது.

காவலாளியை ஓரமாகக் கூப்பிட்டு, யார் கழற்றியது என்று கேட்டாள்.

"நான்தான்க்கா. ஏழு மணிக்கே மைக் செட்காரர் வந்துட்டாரு. கார் சும்மாதானே நிக்குது, ஓடலையேன்னு கழட்டிக் குடுத்தேன்."

"நிக்கும்போதுதான்யா அது சாப்பிடும்."

அவன் பாவமாக விழித்தான். அவள் காரைத் திறந்து திரையைப் பார்த்தாள். இருபத்தைந்து சதவீதம். ஆறு மணிக்குச் செருகியது. விட்டுவைத்திருந்தால் இந்நேரம் எழுபதைத் தாண்டியிருக்கும்.

அந்தச் சின்ன மின்சாரக் காருக்குக் குடியிருப்பில் 'தீப்பெட்டி' என்று பெயர். பின் சீட்டை மடித்துவிட்டால் நோயாளிகள் பிடித்து நடக்கும் சட்டம், நரம்பைத் தூண்டும் மெஷின், இரண்டு பெரிய பந்துகள் எல்லாம் அடங்கிவிடும். முன்பு இதையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அலைந்தவள் அவள். விற்றவன் ஒரு தடவை சார்ஜ் போட்டால் இருநூற்று முப்பது கிலோமீட்டர் என்று சத்தியம் செய்தான். ஏசி, வேகத்தடை, மேம்பாலம் எல்லாம் போக நூற்று அறுபதுதான் வந்தது. அதற்கு அவள் சண்டைக்குப் போகவில்லை. நாள் முழுக்க நோயாளிகளின் வீடு வீடாகச் சுற்றினாலும் நூறைத் தாண்டாது. பெரிய கார்கள் எட்டிப் பார்க்கப் பயப்படும் சந்துகளில் தீப்பெட்டி வாசல்வரை போகும்.

ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் பிளக் இருக்க வேண்டும். வெளியே சார்ஜ் போடுகிற லட்சணத்தை அவள் ஒரு தடவை பார்த்துவிட்டாள். முதல் இடத்தில் திரை செத்துக் கிடந்தது. இரண்டாவதில் ஒரு சரக்கு வேன் குறுக்கே நின்றது. ஓட்டுநர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது இடம் செல்போனில் ஏதோ ஒரு செயலியை ஏற்றச் சொல்லி, ஏற்றி முடித்ததும் மன்னிப்புக் கேட்டது. ஆக, இந்தத் தூணிலிருந்து பிளக் போனால் கார் வெறும் பொம்மை. அவள் பிழைப்பு மறுபடி ஆட்டோ மீட்டரில்.

செயலாளரோ நிறுத்துவதாகத் தெரியவில்லை. தீப்பிடிக்கும் என்றார். எல்லோருடைய வயிற்றிலும் அடித்துப் பொதுக் கரண்டில் சொந்தக் கார் ஓடுகிறது என்றார். காரென்றால் கார் மாதிரி இருக்க வேண்டாமா என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். கார் மாதிரி இருக்கிற அவருடைய டீசல் வண்டி ஒன்றரை கார் நிற்கும் இடத்தில் பரந்து நின்றது. தினமும் காலையில் அதைப் பத்து நிமிஷம் உறுமவிட்டு, முதல் மாடிச் சமையலறைகளுக்கெல்லாம் புகை போடுவார். அதற்கு ஒரு கூட்டம் போட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை.

"பிளக்கை எடுத்துடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தன் வலது கையைத் தூக்கினார்.

அவள் கண் அந்தக் கையிலேயே நின்றது. முழங்கை மடங்காமல், காதை ஒட்டி, நேராகப் போயிருந்தது. பரவாயில்லையே என்றுதான் முதலில் தோன்றியது, தொழில் புத்தி. மறுகணம்தான் உறைத்தது. ஆறு மாதத்துக்கு முன் தோள் இறுகிப்போய், தலை சீவக்கூட மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கை அது. மூன்று மாதம் தினமும் மாடியேறிப் போய், அவர் ஐயோ அம்மா என்று கத்தக் கத்த, விரல் விரலாக உயர்த்திவிட்டவள் அவள். அந்தக் கைதான் இன்று அவளுக்கு எதிராக முதலில் எழும்பியிருக்கிறது.

செயலாளரைப் பார்த்து இன்னும் பத்துப் பன்னிரண்டு கைகள் எழுந்தன. அவள் அங்கிருந்து நகர்ந்தாள். படிக்கட்டுக்கு அடியிலிருந்த மீட்டர் அறைக்குப் போய், தன் வீட்டு எண் எழுதிய பெட்டியில் ஒரு சுவிட்சை மட்டும் கீழே தள்ளினாள்.

மைக் ஊமையானது. செயலாளர் அதைத் தட்டினார், ஊதினார், மைக் செட்காரரை முறைத்தார். அவள் திரும்பி வந்து அவருக்கு நேரே நின்றாள்.

"அவரைத் திட்டாதீங்க சார். என் வீட்டு மீட்டர்ல சுவிட்சை அணைச்சேன், உங்க மைக் நின்னுடுச்சு. பொதுக் கரண்டுன்னா எப்படி சார் நிக்கும்?"

தனி ஒயர், தனி சுவிட்ச், பழைய செயலாளரின் அனுமதிக் கடிதம் எல்லாம் சங்கக் கோப்பிலேயே இருப்பதைச் சொன்னாள். செயலாளராகி நான்கு மாதமாகியும் இவர் அந்தக் கோப்பைத் திறந்ததே இல்லை. தூணில் இருப்பதால் பொது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

"காலையிலேர்ந்து என் கரண்டுல நின்னுதான் என்னைத் திருடின்னு பேசியிருக்கீங்க" என்றாள். "சரி, இப்ப மறுபடி ஓட்டு எடுங்க. நீங்களே முதல்ல தூக்குங்க சார். முழங்கை மடங்கக் கூடாது. காதைத் தொடணும்."

பின் வரிசையில் ஒரு பெண்மணி களுக்கென்று சிரித்தாள். செயலாளரின் வலது கை இடுப்பிலிருந்து கிளம்பியது. பாதியில் வழி மாறிச் சட்டைப் பைக்குப் போய், கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தது. மற்ற கைகளெல்லாம் மடியிலேயே கிடந்தன.

"பிளக் இருக்கட்டும், விடுங்க" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அந்த வாயில் வரவில்லை.

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு இல்லை. திரையில் இன்னும் அதே இருபத்தைந்து. நாற்பது கிலோமீட்டர் போகலாம். இரண்டு நோயாளிகளுக்குப் போன் செய்து நாளைக்கு என்று சொன்னாள். ஒருவரிடம் மட்டும் சொல்ல மனம் வரவில்லை. ஊர்க்கோடியில், போகவர முப்பத்தாறு கிலோமீட்டர் தூரத்தில், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன லாரி டிரைவர் இன்று முதல்முறையாகச் சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடப்பதாக இருந்தார். அதற்காகவே முகச்சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பதாக அவர் மகள் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

சுவிட்சை அணைத்தபடியே விட்டுவிட்டு, தன் சார்ஜர் ஒயரைச் சுருட்டிக் காருக்குள் போட்டாள். ஏசி போடாமல் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினாள். வெளியே போகும் வழியில் பாதியைச் செயலாளரின் வண்டி அடைத்துக்கொண்டு நின்றது. அவர் சாவியைத் தேடிப் பையைத் தடவினார்.

"எடுக்க வேணாம் சார்" என்றாள் அவள். அந்த வண்டிக்கும் சுவருக்கும் நடுவே மிச்சமிருந்த இடுக்கில் தீப்பெட்டி சத்தமே இல்லாமல் நுழைந்து தெருவுக்கு வந்தது.