வில்னிஸின் பட்டன்

ரீகாவில் பாட்டுத் திருவிழா. பைன் மரங்களுக்கு நடுவே படிப்படியாக எழும்பிய மேடையில் பன்னிரண்டாயிரம் பேர் பாட நிற்கிறார்கள். ஒளிபரப்பு வண்டிக்குள் ஸெல்மா. யார் பேசினால் யார் காதில் விழ வேண்டும் என்று நாற்பது ஹெட்செட்டுகளையும் ஒரே நெட்வொர்க்கில் கோத்து முடிக்க அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. அத்தனையையும் கெடுக்க வில்னிஸ் ஒருத்தன் போதும். பாடகர்களுக்கு நடுவே மேடை வேலை பார்க்கும் அவன், பேசும் பட்டனை ஒருமுறை அமுக்கினால் அணைக்கவே மாட்டான்.

“யோவ் வில்னிஸ், நீ பன்றிக்கறி பன்னு மெல்லுறது டைரக்டர் காதுல விழுதுய்யா!” காலையிலிருந்து நாலு தடவை கத்திவிட்டாள்.

“பசிக்குதே தாயே!”

நேரலை தொடங்கியது. பாட்டை நடத்துகிறவர் கையை உயர்த்தினார். ஸெல்மாவின் திரையில் வில்னிஸின் மைக் திறந்திருப்பதைக் காட்டும் விளக்கு பச்சையாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் மைக்கை நிறுத்தப் போனாள்.

அப்போதுதான் அந்த மைக் வழியாக அது கேட்டது. பன்னிரண்டாயிரம் பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். பூமியே ஒருமுறை மூச்சு வாங்கியது போலிருந்தது. ஸெல்மாவின் விரல் அப்படியே நின்றது. பிறகுதான் பாட்டு எழுந்தது. நாற்பது ஹெட்செட்டிலும் அந்த மூச்சு விழுந்திருந்தது. எந்தக் கேமராவைக் காட்டுவது என்று எண் சொல்லவே டைரக்டர் குன்டார்ஸ் மறந்துவிட்டார்.

பாட்டு முடிந்ததும் வில்னிஸ் பதறினான். “ஐயையோ, பட்டன் திறந்தே கிடக்கு! இதோ அணைச்சிடுறேன்.”

குன்டார்ஸ் குறுக்கிட்டார். “அதுல கை வச்ச, தொலைச்சிடுவேன். அடுத்த பாட்டு வரப்போகுது.”