கிழிசல்காரி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்து, வேறு நல்ல காரணம் ஒன்றைச் சொல்ல எனக்கு மனமில்லை.

திபிலிசியில் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது ஒரு பழைய வார இதழ் கைக்குக் கிடைத்தது. அதில் ஒரு பட விமர்சனம்: “நாயகனின் கிழிந்த கோட்டு ஒரு பாத்திரமாகவே வாழ்கிறது. வறுமையைத் துணியில் எழுதத் தெரிந்தவர் இயக்குநர் வாஜா.” அதன்பிறகு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டிருந்த நேரமெல்லாம் எனக்குப் பல் வலிக்கவில்லை. அந்த வரிதான் வலித்தது.

ஏனென்றால் அந்தக் கோட்டு கடையிலிருந்து வந்தபோது புத்தம் புதிது. அதைப் பழசாக்கியவள் லாமாரா. படங்களுக்காகப் புதுத் துணியைப் பழந்துணி ஆக்குவதுதான் அவள் வேலை. பாலாடைக்கட்டி துருவுகிற துருவியால் முழங்கையைத் தேய்த்தாள். கோட்டை நனைத்து, பைகளில் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டாள். வேலையற்றவன் கையைத் திணித்துக்கொண்டு நின்று நின்று தொய்ந்த பை அப்படித்தான் கிடைத்தது. பிறகு தேயிலைச் சாறு, அடுப்புச் சாம்பல், கடைசியாகச் சவரத் தகடு.

வறுமையை எழுதியது யாராம்?

2

நான் மட்டும் யோக்கியமா? இந்தக் கதைக்கு நான் எழுதி அடித்த தொடக்கங்களைப் பாருங்கள்.

“சியாத்துராவின் சுரங்கச் சரிவில் வாஜா மழையைப் பெய்யவைத்தார்.” [பொய். தீயணைப்பு வண்டிமேல் நின்று, கை மரத்துப்போகக் குழாயைப் பிடித்திருந்தவர் வேறொருவர்.]

“வாஜா அந்தி வெளிச்சத்தை அறைக்குள் அழைத்து வந்தார்.” [அந்தி அழைத்தால் வருமா? ஜன்னலுக்கு வெளியே சேற்றில் நாலு பேர் விளக்கைத் தோளில் தாங்கி நின்றார்கள்.]

“கேமரா மெல்ல நகர்ந்து, அவன் முகத்தை…” [தானாக நகராது. தண்டவாளத்தின்மேல் அதை ஒருவர் மூச்சடக்கித் தள்ளுகிறார். இருமல் வந்தால் விழுங்கிக்கொள்கிறார்.]

எழுதுகிற கைக்கே இந்த வியாதி இருக்கிறது. வினைச்சொல் ஒன்று வந்தால் அதை முதலாளி தலையில் கிரீடமாக வைத்துவிடுகிறது. வேலை செய்தவர்கள் அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

என் கதைகளை முதலில் படிக்கும் தோழி சொன்னாள்: “ஆளுங்க ஜாஸ்தி. படிக்கிறவங்க குழம்பிடுவாங்க. பாதிப் பேரைத் தூக்கிடேன்.” சரியான யோசனை. தூக்கினேன். தச்சர், சமையல்காரி, ஒப்பனைக்காரர், விடியுமுன் எல்லாரையும் ஏற்றிவந்த ஓட்டுநர் எல்லாரும் போனார்கள். அவர்களின் பெயரைக்கூட நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. பெயர் விட்டுப்போவதைப் பற்றிக் கொதிக்கிற கதையிலேயே இந்த லட்சணம்.

லாமாரா மட்டும் இருக்கிறாள். அவளை யார் தூக்கச் சொன்னாலும் மாட்டேன்.

3

காட்சி இது. வேலை போன சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கு வருகிறான். அவன் சின்ன மகள், கோட்டின் முழங்கைக் கிழிசலில் விரலை நுழைத்து விளையாடுகிறாள். அவன் வாசலில் நுழைவதைக் காலையில் படமாக்கிவிட்டார்கள். விரல் நுழைவது சாப்பாட்டுக்குப் பிறகு.

சாப்பாட்டு நேரத்தில் நாயகனாக நடிக்கும் கேலாவின் அம்மா நாஸிப்ரோலா வந்து இறங்கினாள். வால்நட் விழுதில் ஊறிய கோழியும், பாலாடைக்கட்டி ரொட்டியும் படப்பிடிப்புக்கே போதுமான அளவு கொண்டுவந்திருந்தாள். மகனைப் பார்த்ததும் கன்னத்தில் அறைந்துகொண்டாள்.

“உன் பீடை எனக்கு வரட்டும், ராசா! என்னடா இது கோலம்? நாலு பேர் பாத்தா என்னைத்தானே பேசுவாங்க?”

லாமாரா அப்போது வேனுக்குள் சிறுமியின் காலுறைகளை அழுக்காக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது கோட்டு நாற்காலியில் கிடந்தது. வழக்கம்போல முழங்கையைத் தடவினாள். விரல் நுழையவில்லை.

கிழிசல் மூடியிருந்தது. இழையோடு இழை பின்னி, தையல் போட்டதே தெரியாத தையல். இவ்வளவு நல்ல கை யாருடையது என்ற வியப்புத்தான் அவளுக்கு முதலில் வந்தது. தன் துணி எதையும் இத்தனை அக்கறையாக யாரும் தைத்துத் தந்ததில்லை என்ற சின்னப் பொறாமையும் கூடவே வந்தது. காலையில் படமான கிழிசல் அது என்பது உறைத்தது அதற்குப் பிறகுதான்.

4

“யாரு பண்ணது இது?” வாஜாவின் குரல் எதிர்ச்சரிவில் மோதித் திரும்பியது. “கோட்டு யார் பொறுப்பு?”

“நான்தான்.”

“பொறுப்பாம்! இன்னொரு கோட்டு வச்சிருக்கியா?”

“கேட்டேன். ‘ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு? அவன் என்ன கல்யாண மாப்பிள்ளையா’ன்னு நீங்கதான் சொன்னீங்க.”

ஏணிமேல் இருந்த விளக்குக்காரர் களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்.

வாஜாவுக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. “இன்னியோட நீ கிளம்பு. படத்துல உன் பேர் வராது. போறதுக்கு முன்னாடி இதை முன்ன இருந்த மாதிரி கிழிச்சுக் குடுத்துட்டுப் போ.”

இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். அவள் வேண்டாம், ஆனால் அவள் கை இல்லாமல் அடுத்த காட்சி இல்லை. [இங்கே ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தேன். எடுத்தது தோழியல்ல, நானே.]

கேலா போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவோ, விளக்குக்காரர்களுக்குக் கோழி பரிமாறியபடி எட்டிப் பார்த்தாள். “நல்லாக் கேளுங்க தம்பி! என் புள்ளைய இந்தக் குளிர்ல கந்தலோட நிக்க வச்சவ இவதானா?”

மகனின் பீடை தனக்கு வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அது வழியிலேயே லாமாராவின் வீட்டில் இறங்கிவிட்டது.

5

ஒலிப்பதிவு செய்யும் இயா அவளை வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியது.

“அக்கா, எனக்கு எல்லாம் கேட்டுச்சு. மைக் கோட்டுக்குள்ளதானே இருக்கு. ஊசி துணியில ஏறுறதுகூடக் கேட்டுச்சு. அந்தம்மா ‘தைக்கட்டுமா’ன்னுச்சு. அவன், ‘தையிம்மா, குளிருது. யாரும் கவனிக்க மாட்டாங்க’ன்னான்.”

“அப்ப வா, வந்து சொல்லு.”

இயா தரையைப் பார்த்தாள். “அடுத்த படமும் அவனோடதான் வேலை, அக்கா. நான் சொன்னா…”

லாமாராவுக்கு இயாமேல் கோபம் வரவில்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற அந்தச் சொல்தான் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. கவனிக்கப்படாமல் இருப்பதுதான் அவள் தொழில். கிழிசல் செய்யப்பட்டது என்று யாருக்காவது தோன்றினால் அவள் தோற்றாள். அதை அவளாக விரும்பி ஏற்றிருந்தாள், சில நாள் பெருமையும் பட்டாள். அதே சொல்லை இவன் எடுத்துப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு, அவளைக் குளிரில் நிற்கவைத்துவிட்டானே.

6

முடிவுகள். எழுதி, அடித்தவை.

(அ) இயா ஒலிநாடாவை ஓடவிடுகிறாள். எல்லாரும் கேட்கிறார்கள். [அடித்தேன். லாமாரா பிழைக்க இயாவின் பிழைப்பைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை?]

(ஆ) கேலா எழுந்து, “தப்பு என்னுதுதான், அவங்களை விட்டுடு…” [எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். அவன் வாயில் வாக்கியம் நிற்கவில்லை.]

(இ) லாமாரா மௌனமாகக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பனியில் தனியாகப் பேருந்துக்கு நடக்கிறாள். [அழகாக வந்திருந்தது. தோழி அழுதேவிட்டாள். அதனாலேயே அடித்தேன். வேலையைத்தான் திரைக்குப் பின்னால் செய்தாள், அவமானத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டுமா? நாம் கண்ணீர்விட வசதியாக அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?]

7

லாமாரா வேனிலிருந்து நேராக, வீட்டுக்குள் காட்சிக்காக உட்கார்ந்திருந்த கேலாவிடம் நடந்தாள். கோட்டை அவன் மடியில் வைத்தாள். சவரத் தகட்டை அதன்மேல் வைத்தாள்.

“நீயே கிழி.”

“நானா? எனக்கு எப்படி அக்கா தெரியும்?”

“தைக்கச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல?”

நாஸிப்ரோலா கரண்டியோடு ஓடிவந்தாள். “எதுக்கு இப்பக் கிழிக்கணும்? கஷ்டப்பட்டுத் தச்சிருக்கேன்! ராசா, நீதானேடா குளிருது, தையின்னு சொன்ன? சொல்லேன் இவங்ககிட்ட!”

ஜன்னலுக்கு வெளியே விளக்கைத் தாங்கியவர்கள் தோள் மாற்றிக்கொள்ளவில்லை. இயா கழுத்திலிருந்த ஹெட்ஃபோனைக் காதில் ஏற்றிக்கொண்டாள். கேலா தகட்டை எடுத்தான், அம்மாவைப் பார்த்தான், அம்மாவின் தையலைப் பார்த்தான். வாஜா கேலாவைப் பார்த்தார், பிறகு லாமாராவை. அன்று அவளை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

வாஜா வாயைத் திறந்தார்.

அவர் சொல்லக்கூடியவை இரண்டுதான். “லாமாரா, நீ இரு.” அல்லது, “வெளிச்சம் போகுது, சீக்கிரம் கிழிங்க.” எது என்று நான் எழுதமாட்டேன். இந்த ஒரு வாக்கியத்தையும் அவருக்கு எழுதிக் கொடுத்து, அதற்கும் அவர் பெயர் வாங்குவதை என்னால் பார்க்க முடியாது.

உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் வழி இருக்கிறது. படம் பாருங்கள். கடைசிக் காட்சி போய்த் திரை கறுத்ததும் எழுந்துவிடாதீர்கள். சின்னச் சின்ன எழுத்தில் பெயர்கள் மேலே போகும். அரங்கில் விளக்கைப் போடுவார்கள். பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் முழங்காலை இடித்துக்கொண்டு, “எந்திரிங்க, படம் முடிஞ்சிருச்சு” என்பார்.

இன்னும் முடியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, லாமாராவின் பெயரைத் தேடுங்கள்.