பட்டியலில் தமிழ் இல்லை

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்ததும் கீபோர்டம்மாவின் கண் திரையின் மேல் மூலைக்குப் போனது. விசைப்பலகை தமிழில் இருப்பதைக் காட்ட அங்கே இருக்க வேண்டிய ‘த’ இல்லை. ஆங்கிலம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. வேலையில் அடிபட்டவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கும் அந்த அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகத் தமிழ்த் தட்டச்சு அவள்தான். அவளுக்கு வேறு பெயர் இருப்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

காரணம் அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மேலாளர் அவசரத்துக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்து தன் கடவுச்சொல்லை அடித்தார். விசைப்பலகை தமிழில் இருந்தது. திரையில் வந்ததோ வெறும் கறுப்புப் புள்ளிகள். புள்ளியில் மொழி தெரியுமா என்ன? மூன்று தடவை அடித்ததும் கணக்கு பூட்டிக்கொண்டது. மனுஷன் தாம்தூம் என்று குதித்தார். கணினி பார்க்கும் ஆளை விட்டு, அந்தக் கணினியின் லினக்ஸில் இருந்த தமிழையும், பக்கத்து மேசைக்காரர் வந்து அடிக்கும் சீனத்தையும் ஒரேயடியாக வழித்தெடுத்துவிட்டார்.

இப்போது, கிடங்கில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி காலில் கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே நிரப்பிய ஆங்கிலத் தாளை மேலாளர் மேசையில் வைத்தார்.

“இனிமே தமிழெல்லாம் வேண்டாம். இதுல கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க.”

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தவிர வேறு படிக்கத் தெரியாது. கையெழுத்து விழுந்துவிட்டால் அதுதான் அவள் சொன்னது என்றாகிவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. கீபோர்டம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணின் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கி வைத்தாள்.

அமைப்புகளைத் திறந்தாள். கணினி பார்க்கும் ஆள் தமிழை மொழிப் பட்டியலிலிருந்துதான் எடுத்திருந்தார், அடியோடு இல்லை. தமிழ்99 விசைப்பலகையைத் திரும்பச் சேர்த்தாள். திரையில் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி மொழி என்ற கட்டத்தையும் அழுத்தினாள். இனி வாக்குமூலம் தமிழில் இருந்தாலும் கடவுச்சொல் கேட்கும் ஜன்னல் ஆங்கிலத்தில் நிற்கும். ஒரு நிமிட வேலை. கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையே செய்து கொடுத்திருப்பாள். கேட்டால்தானே.

“நான் சொன்னது காதுல விழலையா?” என்றார் மேலாளர்.

“விழுந்துச்சு சார். படிக்காம அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. என் மேல புகார் எழுதணும்னா சொல்லுங்க, அதையும் நானே அடிச்சுத் தரேன்.”

ஆங்கிலத் தாளை வரி விடாமல் தமிழில் அடித்து அச்செடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் விரல் வைத்துப் படித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“கவனமில்லாம ஏறினேன்னு நான் எப்பம்மா சொன்னேன்? ஏணி ஒடஞ்சிருக்குன்னு சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிட்டேனே.”

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீபோர்டம்மா அவரைப் பார்க்கவில்லை. அந்த வரியை முழுசாக அழித்தாள்.

“மொதல்ல இருந்து சொல்லுங்க.”

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, திரைக்கு நேராக உட்கார்ந்தாள்.