இன்ஜின் பலகையில் இருந்த எழுத்து

படகு வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் என் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். தினமும் எட்டு முறை ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறார். எட்டு முறையும் அவர் பார்வை கீழே போகும் படகுகள் மேல்தான் என்று தெரிந்தால், பயணிகளில் பாதிப் பேர் இறங்கி நடந்தே போய்விடுவார்கள்.

"நாலு பேர் படுத்துக்கலாம். அடுப்பு இருக்கு. லீவு விட்டா நம்ம பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஆறு கடல்ல சேர்ற இடம் வரைக்கும் போகலாம்" என்பார்.

"குளியலறையிலயே வழுக்கி விழறவர் நீங்க" என்பேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

போன மாதம் என்னை வலுக்கட்டாயமாக அழைத்துப் போய் ஒரு படகைக் காட்டினார். முப்பது வருடப் பழசு. உள்ளே ஏறி, மடக்கு மேஜையை விரித்து, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆறு கண்ணுக்கு நேராக ஓடியது. எழுந்திருக்க மனமே வரவில்லை. அன்றிலிருந்து அவரைவிட எனக்குத்தான் அந்தப் படகின் மேல் ஆசை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கையில் பிடிக்க முடியாது.

படகு ஓர் அம்மாள் பேரில் இருந்தது. அவருடைய கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அம்மாளுக்கு முழங்கால் போய்விட்டது, படகில் ஏற முடிவதில்லை. அதனால்தான் விற்கிறார்கள். ஆனால் யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிற ஆள் இல்லை அந்த அம்மாள். ஏற்கெனவே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒருத்தர் இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் டிவியை எங்கே மாட்டலாம் என்று கேட்டாராம். இன்னொருத்தர் கதவை அறைந்து சாத்தினாராம்.

"சாவி ஒரு வாரம் உங்ககிட்ட இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வர்றோம், ஓட்டிக் காட்டுங்க. எனக்குப் பிடிச்சா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா சாவியைத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

நான் பதினெட்டு வருடமாக லாண்டரி நடத்துகிறவள். அழுக்கைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்த வாரம் தினமும் சாயங்காலம் வாளியும் பிரஷ்ஷுமாகப் படகுக்குப் போனேன். திரை, மெத்தை உறை எல்லாம் கடைக்கு வந்து வெளுத்துத் திரும்பின. சனிக்கிழமை இன்ஜினை மூடும் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, அதன் நடுவே பொடிப்பொடியாகப் பென்சில் எழுத்து.

"அம்மா, என்னமோ எழுதியிருக்கு" என்றாள் மகள்.

"எவனோ மெக்கானிக் கிறுக்கினது" என்று சொல்லித் தேய்த்தேன். பலகை பளிச்சென்று ஆனது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஞாயிறு காலை வீட்டுக்காரர் பலகையைத் தூக்கினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எழுத்து எங்கடி?"

படகின் அடியில் ஐந்து துவாரங்கள், ஐந்துக்கும் ஐந்து வால்வுகள். எது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீருக்கு, எது கழிப்பறைக்கு, எதைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று அந்த அம்மாள் எழுதி வைத்திருந்தாராம். தண்ணீர் போகாமல் இன்ஜினை ஓட்டினால் இன்ஜின் காலி. படகைக் கட்டிவிட்டு இறங்கும்போது ஒன்றை மூட மறந்தாலும் ஆறு உள்ளே வந்துவிடலாம்.

"இதைப் பார்த்தே ஓட்டிக்கலாம்னு நினைச்சேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நினைச்சா போதுமா? வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?" என்று சீறினேன். தப்பு என்னுடையது என்று தெரியும்போதுதான் எனக்குக் கோபம் அதிகம் வரும்.

அதற்குள் அம்மாளும் அவர் கணவரும் வந்துவிட்டார்கள். அம்மாள் படகுத்துறையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் ஏதோ பூசி மெழுகப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா, நீங்க எழுதி வெச்சிருந்ததைத் தெரியாம தேய்ச்சு அழிச்சிட்டேன். ஒரு எழுத்து மிச்சமில்ல."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கணவரைப் பார்த்தார். "ஏறிப் போய்ச் சொல்லிக் குடுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் ஏறி வந்தார். ஐந்து வால்வுகளையும் பார்த்தார். திருதிருவென்று விழித்தார். "நான் எப்பவும் பலகையைப் பார்த்துத்தான் திறப்பேன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தேன். கடையில் இயந்திரங்களுக்குப் பின்னால் பன்னிரண்டு குழாய்கள். எது எங்கே போகிறது என்று கையால் தடவியே சொல்வேன். இது ஐந்துதானே? பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரை நிரப்பச் சொல்லி, வால்வுகளை ஒவ்வொன்றாக மூடினேன். எதை மூடியபோது தண்ணீர் வடியாமல் நின்றதோ, அது தொட்டிக்கு. கழிப்பறையிலிருந்து இரண்டு குழாய்கள், படகுக்குள் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்பிலிருந்து ஒன்று. கடைசிக் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் கை இன்ஜினில் போய் நின்றது. அதன் வால்வைத் திறந்தேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

இன்ஜின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. இன்ஜினைச் சுற்றிய தண்ணீர் வெளியே வரும் குழாயைப் படகின் பின்பக்கம் எட்டிப் பார்த்த மகள், "தண்ணி துப்புது!" என்று கத்தினாள்.

பாலம் வரை போய்த் திரும்பினோம். பாலத்துக்கு அடியில் போகும்போது, மேலே போன பஸ்ஸைப் பார்த்து வீட்டுக்காரர் கையாட்டினார். இவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. இந்தப் படகு கைநழுவிப் போனால் தாங்க மாட்டார் என்று நினைத்தேன். நானும்தான்.

திரும்பி வந்து கட்டியதும், துணிகளில் குறி போடும் பேனாவைப் பையிலிருந்து எடுத்தேன். பலகையில் ஐந்து வால்வுகளையும் எழுதி, அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"கடைசி வரியைக் காணோமே."

"எந்த வரிம்மா?"

"'மூடியாச்சுன்னு சொன்னா நம்பாதே, போய்ப் பாரு.' அது எனக்கு நானே எழுதிக்கிட்டது. இவரைத் தெரியுமே எனக்கு."

கண்ணாடிக்கடைக்காரர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்த வரியையும் எழுதினேன். பிறகு படகைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"எல்லாம் மூடியாச்சா?"

"ஓ, எப்பவோ மூடியாச்சு" என்றார் வீட்டுக்காரர்.

ஏறிப் போய்ப் பார்த்தேன். கழிப்பறை வால்வு ஆவென்று திறந்திருந்தது. மூடிவிட்டு இறங்கி வந்து, அம்மாளிடம் ஒரு விரலை மட்டும் காட்டினேன். அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். அப்புறம் கைப்பையைத் திறந்து விற்பனைப் பத்திரத்தை எடுத்து மடியில் விரித்தார்.

"அந்தப் பேனாவைக் குடு. இது துவைச்சாலும் போகாதுல்ல?"

"நானே தேய்ச்சாலும் போகாதும்மா" என்றேன்.

"அதான் வேணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.