வண்டியிலிருந்த மரத்துப்பாக்கி

"ஒரே நிமிஷம், ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்" என்று வகுப்பை நம் தலையில் கட்டிவிட்டு நழுவும் டீச்சர்களை எனக்குப் பிடிக்காது. ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம், நிகழ்ச்சி முடியும்வரை டீச்சர் அறையில் இருக்க வேண்டும் என்று. அன்று மிஸஸ் பச்சேக்கோவும் நழுவினாள். இருபத்தொரு நாலாம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு மரத்தொட்டி, சாம்பல் சோப்பு, நான்.

நான் வெர்னா. பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் ஹன்னா, 1778-ல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, படைமுகாமில் துணி துவைப்பவள். என் கணவன் க்ளிஃப்டன், அடிமையாக இருந்து விடுதலைக்காகப் படையில் சேர்ந்த ரோட் ஐலண்ட் சிப்பாய். பத்தொன்பது வருடமாக இருவரும் இந்த வேஷத்தில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் ஏறி இறங்குகிறோம். முதல் பாதி என்னுடைய துணி துவைப்பு, இரண்டாம் பாதி அவனுடைய கவாத்து. மரத்துப்பாக்கி கவாத்து நேரம் வரும்வரை வண்டியில்தான் இருக்கும். அதை எடுக்கத்தான் அவன் அப்போது வெளியே போயிருந்தான். எடுத்ததும் வண்டியருகே நாலு தடவை கவாத்து பழகிப் பார்த்துவிட்டுத்தான் வருவான். எங்கள் போன் இரண்டும்கூட வண்டியில்தான். இடுப்பில் போன் புடைத்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளை என்னை ஹன்னா என்று நம்பும்?

பின் வரிசையில் டெக்லன் என்ற பையன் எழுந்து, சிப்பாய்களின் ஜட்டி ரொம்ப நாறுமா என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "கிட்ட வா, மோந்து பாத்துச் சொல்லு" என்று ஈரத்துணியைத் தூக்கினேன். அப்போது கூரையிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"லாக்டவுன். லாக்டவுன். இது பயிற்சி இல்ல."

பள்ளிக்குத் துப்பாக்கியோடு யாராவது வந்தால் பூட்டிக்கொண்டு ஒளியச் சொல்லும் அறிவிப்பு அது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று எழுந்தார்கள். ஒரு நாற்காலிகூடச் சத்தம் போடவில்லை. முன் வரிசையில் இருந்த ஜோசலின் கதவுக்கு ஓடி, பூட்டு விழாமல் தடுத்துக்கொண்டிருந்த காந்தப் பட்டையை உருவினாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. இன்னொருத்தி ஜன்னல் திரையை இறக்கினாள். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை.

"மிஸ், லைட்ட அணைங்க," என்று கிசுகிசுத்தாள் ஜோசலின். "இந்த மூலைக்கு வாங்க. கதவுக் கண்ணாடிக்கு நேரா நிக்கக் கூடாது."

ஒன்பது வயதுப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். புத்தக அலமாரிக்குக் கீழே அவர்களோடு குந்தி உட்கார்ந்தேன். இப்படி ஒளிந்துகொள்ளப் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிற நாட்டை நினைத்து ஆத்திரம் பொங்கியது. அடுத்த நொடியே க்ளிஃப்டன் வெளியே இருக்கிறான் என்பது உறைத்தது. துப்பாக்கியோடு எவனோ வந்திருக்கிறான், இவன் கையில் வெறும் மரக்கட்டை. அதோடு அவனுக்கு வலது காது கேட்காது. கண்காட்சி மைதானங்களில் இத்தனை வருடம் நிஜத் துப்பாக்கியில் குண்டில்லாமல் வெடிமருந்து வெடித்ததில் போன காது.

டெக்லன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். மூக்கு ஒழுகியது. கைக்குட்டை எடுக்க, பாவாடைக்கு உள்ளே கட்டியிருந்த துணிப்பைக்குள் கையை விட்டேன். காகிதம் தட்டுப்பட்டது. நாலாக மடித்த பச்சைக் காகிதம்.

பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. நானே தட்டச்சு செய்தது. 'இன்று காலை பத்தரை மணிக்கு, சிப்பாய் உடையில் ஒருவர் சுடாத மரத்துப்பாக்கியை வண்டியிலிருந்து வகுப்புக்குக் கொண்டுவருவார்.' பிரின்சிபால் கையெழுத்து போட்டு அனுப்பியது. வாசல் மேஜையில் கொடுத்து, காவலர் உட்பட எல்லாருக்கும் காட்டச் சொல்ல வேண்டும். காலையில் க்ளிஃப்டன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, "இத நீ குடுத்துடு" என்று என்னிடம் நீட்டினான். மேஜையில் இருந்த பெண் யாரோ பெற்றோரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் கொடுக்கலாம் என்று பைக்குள் திணித்தேன்.

வெளியே வேறு எவனும் வரவில்லை. இவர்கள் பயந்து பூட்டிக்கொண்டது என் புருஷனைப் பார்த்துத்தான்.

தவழ்ந்து போய்ச் சுவரிலிருந்த போனை எடுத்தேன். அலுவலக எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர்களும் எங்கோ மேஜைக்கு அடியில்தானே இருப்பார்கள்.

"வெளிய பேசணும்னா மொதல்ல ஒம்பது அமுக்கணும் மிஸ்," என்றாள் ஜோசலின்.

அமுக்கிவிட்டு அவசர எண்ணைப் போட்டேன். உங்கள் பேர் என்ன என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஹன்னா. முகாம்ல துணி தொவைக்கிறவ," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என்ன வெளையாட்டு இது? இது அவசர லைன்ம்மா."

"ஐயோ, இல்ல, வெர்னா! என் பேரு வெர்னா. பள்ளிக்கூடத்துக்கு நாடகம் மாதிரி போட வந்திருக்கோம். நீலக் கோட்டு, மூணு முனைத் தொப்பி, கறுப்பு ஆளு, அம்பத்தெட்டு வயசு. அவன் கையில இருக்கறது மரம்! வெறும் மரம்! அவனுக்குக் காது கேக்காது, போலீஸ்காரங்ககிட்ட சொல்லுங்க!"

"லைன்லயே இருங்க. சொல்றேன்."

எப்போது சொல்லி, எப்போது அது அவர்களுக்குப் போய்ச் சேரும்? போனைத் தொங்கவிட்டுவிட்டு ஜன்னல் திரையின் ஓரத்தை விலக்கினேன்.

க்ளிஃப்டன் வாகன நிறுத்தத்தின் நடுவில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். துப்பாக்கி தோளில். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள் என்று எப்போதும் நடக்கிற மிடுக்கு நடை. அவனுக்குப் பின்னால் வலப்பக்கம் போலீஸ் கார் ஒன்று குறுக்கே நின்றது. கதவுகளுக்குப் பின்னால் இரண்டு பேர், இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி. வாய் அசைவதிலிருந்து கத்துகிறார்கள் என்று தெரிந்தது. இவன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தான்.

ஜன்னலை மேலே தள்ளினேன். நான்கு விரற்கடைதான் திறந்தது. க்ளிஃப்டன் என்று கூப்பிட வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால், தோளிலிருக்கும் கட்டையைக் கையில் எடுத்து ஆட்டுவான். அதுதான் அவன் வழக்கம். ஆட்டினால் முடிந்தது.

அவன் யோசிக்காமல் கீழ்ப்படிகிற சொல் ஒன்றுதான் உண்டு. சார்ஜென்ட் வேஷக்காரன் வராத நாட்களில் நான்தான் அதைக் கத்துவேன்.

"படை! நில்!"

என் பின்னால் பிள்ளைகள் வீறிட்டார்கள். இடது காதில் விழுந்திருக்க வேண்டும், அவன் அப்படியே நின்றான்.

"துப்பாக்கி... தரையில்!"

வலது காலை முன்வைத்தான். குனிந்தான். மரத்துப்பாக்கியைத் தார்த்தரையில் கிடத்தினான். நிமிர்ந்து, அடுத்த கட்டளைக்காக விறைத்து நின்றான். எங்கள் கவாத்தில் கையைத் தூக்கச் சொல்லும் கட்டளை கிடையாது.

"க்ளிஃப்டன், கையத் தூக்கு! ரெண்டு கையும்! திரும்பாத, கண்ணு, திரும்பிடாத!"

தூக்கினான். அவர்கள் ஓடிவந்து முழங்காலில் உட்கார வைத்து, கைகளைப் பின்னால் இழுத்து விலங்கு மாட்டினார்கள். தொப்பி உருண்டு ஓடியது. உயிரோடு இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று நான் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கால் மணி நேரம் கழித்து அவிழ்த்துவிட்டார்கள். இளைய போலீஸ்காரன் "ஸாரி சார்" என்றான், மூன்று தடவை. பிரின்சிபால் அறையில் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். சமயோசிதமாம், தைரியமாம். பிரின்சிபால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அந்தக் கடிதத்த எங்காளுங்கதான் தொலைச்சிருக்காங்க. இத நான் சும்மா விடமாட்டேன்," என்றார்.

அறை வாசலில் மேஜைக்காரப் பெண் நின்று அழுதுகொண்டிருந்தாள். "எனக்கு எதுவும் வரலைங்க, சத்தியமா வரலைங்க" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. புகழ்ச்சி இனித்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் பயம் நாக்கைக் கட்டிவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்னைப் பிடிக்காமல் போகிறது.

வண்டியில் ஏறியதும் க்ளிஃப்டன் சாவியைத் துவாரத்தில் செருகினான். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

"ஒன் கொரல் மட்டும் கேக்கலன்னா இந்நேரம் என்னையப் பொட்டியில வெச்சிருப்பாங்க, வெர்னா," என்றான்.

நான் பச்சைக் காகிதத்தை எடுத்து அவன் மடியில் வைத்தேன். பிரித்துப் படித்தான். திரும்ப ஒருமுறை படித்தான்.

"காலையில குடுக்க மறந்துட்டேன். பையிலயே இருந்திருக்கு," என்றேன்.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாவியைத் துவாரத்திலிருந்து உருவினான்.

"அந்தப் பொண்ணு அழுதுட்டிருந்தா. போய் சொல்லிட்டு வா," என்றான்.

காகிதத்தை எடுக்கக் கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை.

"இது இங்கயே இருக்கட்டும். ஒனக்கு வாய் இருக்குல்ல." கோட்டின் உள்பையில் அதை வைத்துப் பொத்தானைப் போட்டான். "நான் வேஷம் கட்டற ஆளு இருக்கான் பாரு, அடிமை இல்லன்னு காட்டற தன்னோட விடுதலைக் காகிதத்தக் கோட்டுக்குள்ள வெச்சுத் தெச்சுக்கிட்டான். கட்டின பொண்டாட்டி கையில கூடக் குடுக்கல. தெனம் பிள்ளைங்ககிட்ட இதச் சொல்லிச் சொல்லி, நான் என்னோடத ஒங்கிட்ட குடுத்திருக்கேன்."

நான் வெறுங்கையோடு இறங்கிப் போய் அலுவலகக் கதவின் மணியை அழுத்தினேன்.